அணுக இயலா மலையும் அதன் அடிவாரத்து மக்களும்

‘அண்ணாமலை’ என்னும் பெயருக்கு ‘அண்ண முடியாத மலை’, அதாவது அணுக முடியாத மலை என்று பொருள் கூறுவர் பெரியோர். இன்று அம்மலையின் தென்கிழக்குச் சரிவை நோக்கி நிற்பவருக்கு இப்பெயர் சற்று வியப்பையே தரும். பாறைகளுக்கு இடையிலும், பாறைகளின் மீதும், மழைநீர் இறங்கி வந்த ஓடைகளின் குறுக்கிலும் வீடுகள் ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. அணுக முடியாதது என்று ஒன்றை நம் தலைமுறை விட்டுவைக்கவில்லை போலும்.

வேலூர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கிய திருவண்ணாமலை, நம் குடும்பங்களுக்கு அயலூர் அன்று. 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2024ஆம் ஆண்டில் நகராட்சி, மாநகராட்சியாக உயர்ந்தது. 2,668 அடி உயரமுள்ள மலை. அதனைச் சுற்றி 14 கிலோமீட்டர் வலப்பாதை. திங்கள்தோறும் முழுநிலா நாளில் இலட்சக்கணக்கில் கூடும் மக்கள். சைவ அன்பர்களுக்கு இது மலை மட்டுமன்று, இறைவனே மலையாய் நிற்கும் இடம். அந்த நம்பிக்கையைப் பற்றி எழுத நாம் உரியவர் அல்லர். ஆனால் அம்மலையிலிருந்து வழியும் நீரும் உருளும் கல்லும் எவர் வீட்டில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆகவே மலையைப் பற்றியும், அதனைக் குறித்து முடிவெடுக்கும் மன்றங்களைப் பற்றியும் பேச நமக்கும் கடமை உண்டு.

முதலில் இன்னும் இரண்டு மலைகளைச் சொல்ல வேண்டும். அண்ணாமலைக்கு அருகே கவுத்திமலை, வேடியப்பன்மலை என்னும் காப்புக் காட்டு மலைகள் உள்ளன. வேடியப்பன் இப்பகுதிச் சிற்றூர் மக்களின் காவல் தெய்வம். வேட்டுவ வீரரின் நினைவு தெய்வமாக வளர்ந்தது என்பர். பக்கத்துச் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பேர் பெற்றது. தமிழக அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை 1970களின் தொடக்கத்திலேயே அவற்றைத் தொகுத்து நூலாக்கியது. ஆநிரை மீட்டு மாண்ட மறவனுக்குக் கல் நட்ட மண் இது.

இவ்விரு மலைகளிலும் இரும்புத்தாது உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும், ஜிண்டால் குழுமத்தைச் சேர்ந்த ஜே.எஸ்.டபிள்யூ. எஃகு நிறுவனமும் 2005ஆம் ஆண்டளவில் கைகோத்து, சேலம் கஞ்சமலையிலும் இங்கும் தாது வெட்டத் திட்டமிட்டன. இங்கு மட்டும் கேட்கப்பட்ட காப்புக் காடு 300 எக்டேருக்கு மேல்.

இரும்பு நாட்டுக்கு வேண்டியதுதானே, வெட்டினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரும்பில்லாமல் ஏரும் இல்லை, கட்டிலும் இல்லை, ஆலயத்து மணியும் மணிக்கூண்டில் தொங்காது. ஆனால் இங்குள்ள தாது எத்தகையது என்பதை அறிந்தால்தான் விடை கிடைக்கும். பெல்லாரிப் பக்கம் கிடைக்கும் செந்தாதுவைப் போல வெட்டியெடுத்து அப்படியே உலையில் இடத்தக்கது அன்று இது. படிகக்கல்லோடு பின்னிப் பிணைந்த காந்தத் தாது. நூறு பங்கு கல்லில் ஏறத்தாழ 35 முதல் 40 பங்குதான் இரும்பு. ஆகவே கல்லை வெடிவைத்துப் பெயர்க்க வேண்டும். மாவுபோல் அரைக்க வேண்டும். நீரில் கரைத்துக் காந்தத்தால் இரும்புத் துகளைப் பிரித்தெடுக்க வேண்டும். உலைக்கு ஏற்ற தரத்துக்கு அதனைச் செறிவாக்கி முடிக்கையில், அரைத்த கல்லில் ஏறத்தாழப் பாதி கழிவாகவே எஞ்சும். அக்கழிவு நுண்ணிய சேறு. அதை எங்கேனும் அணைகட்டித் தேக்கியாக வேண்டும். உலர்ந்தால் தூசியாய்ப் பறக்கும். பெருமழையில் கரை உடைந்தால் வயலுக்குள் பாயும். அரைக்கவும் கரைக்கவும் வேண்டிய தண்ணீரோ, கிணற்றையும் ஏரியையும் நம்பி மணிலாவும் நெல்லும் விளைக்கும் ஒரு மாவட்டத்தில் தேடப்பட வேண்டும். ஆறு மாதம் வறண்டு கிடக்கும் ஊரில் இது சிறு கேள்வியா?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் நடுவண் அரசால் வெளியிடப்பட்டது. இத்தகைய திட்டத்துக்கு ஒப்புதல் தருமுன் அவ்வூர் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது அதன் விதி. முப்பது நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். அவ்வண்ணமே 2008ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் திருவண்ணாமலையில் கூட்டம் நடந்தது. சிற்றூர்களிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து, ‘வேண்டாம்’ என்று சொன்னார்கள். திட்டம் அப்போதைக்கு நின்றது. 2014ஆம் ஆண்டில் அதே கோரிக்கை, அளவு குறைக்கப்பட்ட உருவில் மீண்டும் எழுந்தது. மீண்டும் கூட்டம், மீண்டும் எதிர்ப்பு. மலைகள் இன்றும் வெட்டப்படாமல் நிற்கின்றன.

இதில் எண்ணிப்பார்க்க ஒன்று உண்டு. திட்டத்தின் பங்காளிகளுள் ஒருவர் மாநில அரசின் கழகம். மக்களின் குறையைக் கேட்டுப் பதிவு செய்யக் கூட்டம் கூட்டியவர்கள் அதே அரசின் அலுவலர்கள். வழக்காளியும் நடுவரும் ஒரே வீட்டிலிருந்து வந்தால் வழக்கு எப்படி இருக்கும்? ஆயினும் அந்த அலுவலர்களைக் குறைகூறிப் பயனில்லை. விதி அப்படி அமைந்திருக்கிறது. எதிரணியில் இருக்கையில் மலையைக் காப்போம் என்பதும், ஆளுங்கட்சியாகி அமர்ந்ததும் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவதும் ஒரு கட்சியின் வழக்கமன்று. நம் நாட்டின் பொதுவழக்கம். மக்களிலும் ஒருசாரார் வேலை கிடைக்கும் என்று நம்பினார்கள். படித்த மகன் வீட்டில் சும்மா இருக்கையில் தந்தையின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். அவர்களைத் துரோகிகள் என்று ஏசுவது தகாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் விடுத்த ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் இக்கூட்டங்களைப் பற்றியே ஒரு பகுதி உண்டு என்பது நம்மில் பலர் கவனியாதது. திட்டம் தீட்டி முடித்த பின் ஒப்புக்காக மதிப்பீடு செய்வது கூடாது. தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். அந்த மண்ணில் வாழ்வோருக்கு அந்த மேசையில் தனியிடம் வேண்டும் என்பது அதன் கருத்து. ஒடிசாவின் நியம்கிரி மலையில் அப்படியோர் இடம் உண்மையாகவே கிடைத்தது. அங்கு அலுமினியத் தாது வெட்டுவதா இல்லையா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 சிற்றூர்களின் சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன.

இவ்விடத்தில் வாசகரைக் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. காரணம் பின்னர் விளங்கும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகோடியில் லிஸ்மோர் என்னும் ஊர். அதன் அருகே தெரானியா ஓடை என்னும் மழைக்காடு. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் அரசின் வனத்துறை அங்கே மரம் வெட்டப் புறப்பட்டபோது, சுற்றிலும் குடியிருந்தோர் வண்டிகளின் முன்னே அமர்ந்து மறித்தனர். சிலர் மரங்களின் மீது ஏறிக்கொண்டனர். ஊர் இரண்டாகப் பிளந்தது. புதிதாகக் குடியேறியவர்கள் காட்டின் பக்கம்; மர அறுப்பு ஆலைகளை நம்பித் தலைமுறைகளாய் வாழ்ந்த குடும்பங்கள் மறுபக்கம். கைகளும் சொற்களும் மோதின. விசாரணை நீண்டது. முடிவில் 1982ஆம் ஆண்டு, நெவில் ரான் தலைமையிலான மாநில அரசு மழைக்காடுகளைக் காப்பது என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டே அப்பகுதி நைட்கேப் தேசியப் பூங்கா ஆயிற்று. ஒரு சிற்றூரின் சண்டை மாநிலத்தின் கொள்கையை மாற்றிய வரலாறு அது.

அம்மறியலில் ஈடுபட்டவர்களுள் ஜான் சீட் என்பவரும் ஒருவர். அவர் லிஸ்மோரில் மழைக்காட்டுத் தகவல் மையம் ஒன்றை நடத்திவந்தார். திருவண்ணாமலையில் வாழ்ந்துவந்த அபீதா அருணகிரி என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி 1987ஆம் ஆண்டில் அவருக்குக் கடிதம் எழுதினார். இம்மலை மொட்டையாகிவிட்டது, ஆடு மேய்ந்தும் விறகு வெட்டியும் தீப்பட்டும் மரமே இல்லாமல் போயிற்று, ஏதேனும் செய்ய முடியுமா என்பது அதன் சாரம். அங்கிருந்து நன்கொடையும், பின்னர் ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகையும் வந்தன. அண்ணாமலை மறுகாடு வளர்ப்புச் சங்கம் தோன்றியது. அருணாசலேசுவரர் கோவிலின் வெளி மதிலுக்குள் பாழாய்க் கிடந்த இடத்தில் நாற்றங்கால் அமைத்துக் கன்றுகள் வளர்த்தனர். கோவில் மதிலுக்குள் விதை முளைத்து, மலைமேல் ஏறியது. பாறை மலையில் மரம் நடுவது எளிதென்று எண்ண வேண்டா. மழைக்கு முன்னே குழி தோண்ட வேண்டும். மண் தங்கிய இடம் பார்க்க வேண்டும். முதற் கோடையைக் கன்று கடக்க வேண்டும். கடந்தாலும் தீ வரும்.

இத்தீயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மழைக்குப் பின் ஆளுயரம் வளரும் மலைப்புல் மாசி பங்குனியில் காய்ந்து சருகாகிறது. ஒரு பீடித் துண்டு போதும். ஆட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று வைப்போரும் உண்டு. கற்பூரம் ஏற்றிவிட்டு அணைக்காமல் போவோரும் உண்டு. புல் எரிவதால் புல்லுக்குக் கேடில்லை. அதன் வேர் மண்ணுக்குள் பிழைத்துக்கொள்கிறது. மரக்கன்றுதான் மடிகிறது. எனவே ஆண்டுதோறும் எரியும் மலை, புல்மலையாகவே இருக்கும். பின்னாளில் தோன்றிய ‘காட்டுவழி’ என்று பொருள்படும் பெயருடைய அறக்கட்டளை போன்றவர்கள் இதனை உணர்ந்து, கன்று நடுவதைக் காட்டிலும் தீத்தடுப்புக்கே மிகுதியாக உழைத்து வருகின்றனர். கோடைக்கு முன் மலையைச் சுற்றிப் புல்லை அறுத்து நீண்ட தடுப்புக் கோடுகள் அமைக்கிறார்கள். தீ கண்டால் ஊர் இளைஞர்கள் பச்சைக் கிளைகளோடு இரவிலும் ஏறி அடித்து அணைக்கிறார்கள். மரம் நடுவிழாவுக்குப் படம் பிடிக்க வருவோர் பலர். தீ அணைக்க ஏறுவோரைப் படம் பிடித்தவர் சிலரே. ஆயினும் இன்று சரிவுகளில் பசுமை திரும்பியிருக்கிறது என்றால் அது அவர்களாலேதான்.

வலப்பாதையிலும் ஒரு வழக்கு நடந்தது. பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, 2015ஆம் ஆண்டு இறுதியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு நிறுத்திற்று. நடப்போருக்கு நிழல் தரும் மரத்தை, நடப்போரின் வசதிக்காகவே வெட்டப் புகுந்தார்கள்!

இவையெல்லாம் மலையைக் காத்த கதைகள். மனிதரைக் காக்கத் தவறிய கதை 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் நிகழ்ந்தது. ‘ஃபெஞ்சல்’ புயல் நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரியருகே கரையேறி, விரைந்து கடந்து செல்லாமல் தயங்கி நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். மறுநாள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். இவ்வளவு மழையை அப்பக்கத்து முதியோரும் கண்டதில்லை. சாத்தனூர் அணை நள்ளிரவில் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. திருவண்ணாமலையிலோ, மலைச்சரிவிலுள்ள வ.உ.சி. நகரில் மாலை வேளையில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே ஏழுபேர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். மூவர் அண்டை வீடுகளிலிருந்து வந்து அங்கிருந்தவர்கள். மழையும் சேறும் தடுக்க, மேலே மற்றொரு பாறை அசைந்துகொண்டிருக்க, மீட்புப் படையினர் கைகளாலும் மண்ணைத் தோண்டினர். எவரையும் உயிரோடு மீட்க இயலவில்லை.

பாறை ஏன் உருண்டது? வெகுகாலம் வெயிலும் மழையும் தின்றதால் இம்மலையின் பாறை, விரிசல் வழியே சிதைந்து மண்ணாகிறது. சிதையாத பெருங்கற்கள் அம்மண்ணில் பதிந்து நிற்கின்றன, மாவில் பதிந்த முந்திரிபோல. மண்ணில் நீர் நிறைந்து கனத்ததும் பிடிப்பு நழுவுகிறது. நீர் போகும் ஓடை திறந்திருந்தால் அழுத்தம் குறையும். ஓடையில் சுவர் எழுந்திருந்தால், அல்லது வீடு கட்ட அடிவாரத்து மண்ணை வெட்டியிருந்தால், சரிவு தன் கால்களை இழக்கிறது. இதனைச் சொல்ல நிலவியல் அறிஞர் வரவேண்டும் என்பதில்லை. வந்தவர்களும் மலைமேல் இன்னும் மண் நெகிழ்ந்திருப்பதாகவே அறிக்கை அளித்தனர். அதனால் அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள் கார்த்திகைத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அரசு அனுமதி மறுத்தது. கொப்பரையையும் நெய்யையும் சுமந்தவர்களும் கடமையிலிருந்தவர்களுமே ஏறினர். தீபம் எரிந்தது, மக்கள் கீழிருந்து கண்டனர். பல்லாண்டு வழக்கத்தை மாற்றத் துணிந்த அம்முடிவு பாராட்டத்தக்கதே.

ஆனால் ஒருநாள் ஏறுவதற்கே ஆபத்தான சரிவில் ஆண்டெல்லாம் குடியிருப்பவர்கள் யார்? பெரும்பாலும் நகரத்தைத் துப்புரவாக வைத்திருப்பவர், பூக்கட்டுபவர், விடுதிகளில் பாத்திரம் துலக்குபவர், கட்டட வேலைக்குப் போகிறவர். முழுநிலாக் கூட்டம் பெருகப் பெருக, அடிவாரத்தில் ஒரு சென்ட் நிலத்தின் விலை கூலிக்காரனின் கைக்கு எட்டாமல் போயிற்று. வந்தவர்க்கு விடுதி எழுந்தது. விடுதியில் உழைப்பவருக்குப் பாறையே கிடைத்தது. முதலில் ஓலைக்குடிசை. பின்னர் தேர்தல் வந்தது, தெருவிளக்கு வந்தது. மின் இணைப்பும் குடிநீர்க் குழாயும் வரி ரசீதும் வந்தன. ஒவ்வொரு ரசீதும், ‘நீ இங்கே இருக்கலாம்’ என்று அரசே எழுதித் தந்த சீட்டாக அக்குடும்பத்துக்குத் தோன்றியது. அது பட்டா அன்று என்பதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னவருக்கு வாக்கு கிடைக்காது.

இப்போது ஆக்கிரமிப்பு என்கிறோம். மலையிலும் நீர்நிலைகளிலும் உள்ள ஆக்கிரமிப்புகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்தது. ஆராயட்டும், வேண்டியதே. ஆயினும் இரண்டு வகை ஆக்கிரமிப்புகளை ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது எம் கருத்து. அடைக்கலம் இல்லாமல் ஏறியவன் வேறு. வருமானத்துக்காக வளைத்தவன் வேறு. முன்னவனை வெளியேற்றுமுன், அவன் வேலை செய்யும் இடத்துக்கு நடந்தோ ஒரு பேருந்திலோ போகத்தக்க தொலைவில் வீடு தர வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால், விடியற்காலை நான்கு மணிக்குப் பூச்சந்தைக்குப் போக வேண்டிய பெண் அதைப் பூட்டிவிட்டு மீண்டும் பாறைக்கே வருவாள். 1970ஆம் ஆண்டில் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்புக்கு இந்த அனுபவம் சென்னையிலேயே நிரம்ப உண்டு. பெயரை மாற்றுவது எளிது.

நகரம் வளர்கிறது, குப்பையும் வளர்கிறது. அதைக் கொட்ட இடம் தேடியபோது கவுத்திமலை அடிவாரத்துப் புனல்காடு கண்ணில் பட்டது. அவ்வூர் மக்கள் கிணறு கெடும் என்று பல நாள் போராடினர். இங்கு ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். குப்பையை உண்டாக்குவோர் நகர மன்றத்துக்கு வாக்களிப்பவர்கள். குப்பை போய்ச் சேரும் ஊரார் ஊராட்சிக்கு வாக்களிப்பவர்கள். நகர மன்ற உறுப்பினர் ஒருவரும் புனல்காட்டின் வாக்கை நம்பி நிற்பதில்லை. ஆகவே அவ்வூரின் குரலுக்கு அம்மன்றத்தில் செவி இல்லை. இது ஒருவரின் தீய எண்ணத்தால் நேர்வது அன்று. எல்லைக் கோடு போட்ட விதத்தால் நேர்வது. இம்மாவட்டத்திலேயே செய்யாற்றருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் கேட்கப்பட்டபோது, 2023ஆம் ஆண்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து மறுத்த விவசாயிகளுள் ஏழுவர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. தமிழகமெங்கும் கண்டனம் எழவே, அறுவர் மீதான ஆணையைச் சில நாட்களுக்குள் அரசு திரும்பப் பெற்றது. எஞ்சியவர் மீதானது பின்னர் விலக்கப்பட்டது. ஏர் பிடித்தவனைக் குண்டன் என்று எழுதிய அக்கோப்பை எவர் எழுதினார் என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தந்த கிராம சபை, சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூட வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22உம், நவம்பர் 1உம் சேர்க்கப்பட்டன. அவ்வூரின் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம், தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் படித்துக் காட்டச் சொல்லலாம். வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்குவதும், கூட்டம் முடிந்தபின் வரிகள் முளைப்பதும் பல ஊர்களில் நடப்பவை. படித்துக் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டாலே அது குறையும். நம் பங்குகளின் சிற்றூர்க் குடும்பங்களில் எத்தனைபேர் இக்கூட்டத்துக்குப் போயிருப்போம்? மாதர் சங்கக் கூட்டத்துக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் தவறாது வரும் தாய்மார், ஊர்ச் சபைக்கு ஆண்கள் போனால் போதும் என்று இருந்துவிடுகின்றனர். ஆனால் வற்றிய கிணற்றுக்குக் குடம் எடுத்துப் போவது அவர்கள்தாம்.

திருவண்ணாமலை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. உடனே தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவர் இல்லாத நாளிலும் கிராம சபை கூடவே செய்கிறது. எழுந்து பேச வேண்டிய உரிமையும் அவ்வாறே இருக்கிறது.